யார் இந்த அர்தேஷிர் கோத்ரெஜ்? வக்கீல் தொழிலை உதறிவிட்டு பூட்டு செய்யப் போனவரின் கதை

கல்யாணச் சீரில் வரும் இரும்பு பீரோ, பேங்க் லாக்கர், ஆபீஸ் மேஜை டிராயரின் பூட்டு. மூன்றிலும் பலரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு பெயர் கோத்ரெஜ். எந்த கம்பெனி செய்த இரும்பு அலமாரியாக இருந்தாலும் அதை கோத்ரெஜ் பீரோ என்றே சொல்லிப் பழகிய வீடுகள் நம்ம ஊரில் ஏராளம்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அர்தேஷிர் கோத்ரெஜ். அவர் இன்ஜினியர் இல்லை, பரம்பரை பரம்பரையாக பூட்டு செய்த குடும்பமும் இல்லை. சட்டம் படித்தவர். வக்கீல் தொழில் கைகூடவில்லை. அடுத்து ஆரம்பித்த தொழிலும் படுத்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். உண்மை இல்லாத ஒன்றுக்கு தன் பெயரைக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அந்தப் பிடிவாதம் மூன்றாவது தொழிலில் மட்டும் எப்படி வேலை செய்தது? அவர் செய்த பூட்டில் அப்படி என்ன இருந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

பம்பாயில் ஒரு பார்சி குடும்பம்

அர்தேஷிர் பிறந்தது 1868 மார்ச் 26-ல், அன்றைய பம்பாயில். ஜொராஷ்டிர மதத்தைச் சேர்ந்த பார்சி குடும்பம். அப்பா பர்ஜோர்ஜி, அம்மா டோசிபாய். ஆறு பிள்ளைகளில் மூத்தவர் அர்தேஷிர். தாத்தாவும் அப்பாவும் நிலம், கட்டிடம் வாங்கி விற்கும் தொழிலில் இருந்தார்கள். குடும்பப் பெயர் முதலில் கூத்தெராஜி என்று இருந்தது. அர்தேஷிர் சின்னப் பையனாக இருந்தபோது, 1871-ல், அப்பா அதை கோத்ரெஜ் என்று மாற்றினார்.

வசதியான குடும்பம், நல்ல படிப்பு. 1890-ல் பச்சுபாய் என்ற பெண்ணோடு திருமணம். ஆனால் அந்த வாழ்க்கை ஒரே வருடத்தில் முடிந்துபோனது.

1891 ஏப்ரலில், பம்பாய் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ராஜாபாய் மணிக்கூண்டிலிருந்து இரண்டு இளம் பார்சி பெண்கள் கீழே விழுந்து இறந்தார்கள். ஒருவர் பச்சுபாய். இன்னொருவர் அவருடைய உறவுக்காரப் பெண். விபத்தா, தற்கொலையா, கொலையா என்று நகரமே பேசியது. ஒருவர் மீது சந்தேகம் எழுந்து வழக்கும் நடந்தது. குற்றம் நிரூபணமாகவில்லை. அன்று மேலே என்ன நடந்தது என்பது கடைசிவரை தெளிவாகவே இல்லை. அர்தேஷிருக்கு அப்போது வயது 23. அதற்குப் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குக் குழந்தைகளும் இல்லை.

சான்சிபார் வழக்கில் என்ன நடந்தது?

1894-ல் சட்டப் படிப்பை முடித்தார். பம்பாயில் இருந்த ஒரு சொலிசிட்டர் நிறுவனம் கட்சிக்காரர் ஒருவருக்காக வாதாட அவரை கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாருக்கு அனுப்பியது. அந்தக் காலத்தில் பம்பாய் வியாபாரிகளுக்கு சான்சிபாரோடு நெருக்கமான தொடர்பு உண்டு. புதிதாக வந்த வக்கீலுக்கு இது பெரிய வாய்ப்பு.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. நாள் போகப் போக, தன் கட்சிக்காரர் சொல்வதெல்லாம் உண்மைதானா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. தனக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றை கோர்ட்டில் உண்மை என்று வாதிட அவருக்கு மனசு வரவில்லை. கட்சிக்காரரின் பக்கத்தை எடுத்துச் சொல்வதுதானே வக்கீலின் வேலை, உண்மை எது என்று முடிவு செய்வது நீதிபதியின் பொறுப்புதானே என்று யாரும் கேட்கலாம். அவரால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. வழக்கை விட்டார். 1895-ல் பம்பாய் திரும்பினார். அத்தோடு வக்கீல் தொழிலுக்கே முழுக்கு.

கத்தரிக்கோலில் என்ன முத்திரை குத்துவது?

ஊர் திரும்பியவர் ஒரு மருந்துக் கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் அறுவை சிகிச்சைக் கருவிகள் மீது அவருக்கு ஆர்வம் வந்தது. டாக்டர்கள் பயன்படுத்தும் கத்தி, இடுக்கி, கத்தரிக்கோல் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. இதையெல்லாம் இங்கேயே செய்ய முடியாதா என்று யோசித்தார்.

கையில் பணம் இல்லை. அப்பாவிடம் கேட்காமல், அப்பாவின் நண்பர் மெர்வான்ஜி முஞ்செர்ஜி காமாவிடம் போய் 3,000 ரூபாய் கடன் வாங்கினார். கருவிகளையும் செய்துவிட்டார். அவற்றை வாங்கி விற்க வேண்டிய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு தரத்தில் பெரிய குறை தெரியவில்லை. பிரச்னை முத்திரையில் வந்தது. இந்தியாவில் செய்தது என்று போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள், அது இல்லாமல் கொடு என்பது அவர்கள் நிபந்தனை. எங்கே செய்ததோ அதைத்தான் போடுவேன் என்பதில் அர்தேஷிர் உறுதியாக நின்றார்.

பேச்சு முறிந்தது. தொழில் நின்றது. கடன் மட்டும் மிச்சம்.

மூன்றாவது முயற்சி: பேப்பரில் வந்த திருட்டுச் செய்தி

அப்போது பம்பாயில் வீடு புகுந்து திருடுவது அதிகமாக இருந்தது. வீடுகளையும் கடைகளையும் நல்ல பூட்டு போட்டு பாதுகாக்கும்படி போலீஸ் தரப்பிலிருந்து எச்சரிக்கை வந்த செய்தியை அர்தேஷிர் பேப்பரில் படித்தார். அவர் கண்ணில் பட்டது திருட்டை விட பூட்டுதான்.

அன்றைய பம்பாய் எப்படி இருந்தது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சில மாதங்களில் நகரம் முழுக்கப் பரவியது. லட்சக்கணக்கானவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரை விட்டு ஓடினார்கள். ஆள் இல்லாத வீட்டுக்குக் காவல், கதவில் தொங்கும் பூட்டு மட்டும்தான்.

நல்ல பூட்டு வேண்டும் என்றால் இங்கிலாந்து சரக்கைத்தான் தேட வேண்டும். உள்ளூர்ப் பூட்டுகள் பெரும்பாலும் கையால் செய்தவை. கையால் செய்தாலே மோசம் என்று அர்த்தமில்லை. கைவேலைக்கே பேர் போன திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அன்றைய பம்பாய் சந்தையில் கிடைத்த மலிவுப் பூட்டுகளின் சங்கதி வேறு. ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறந்துவிடும் அளவுக்குத்தான் அவற்றின் வேலைப்பாடு இருந்தது.

அர்தேஷிர் மறுபடியும் மெர்வான்ஜி காமாவிடம் போனார். முதல் தொழில் தோற்ற பையனுக்கு காமா இரண்டாவது தடவையும் கடன் கொடுத்தார்.

ஒரு பூட்டு எப்படி வேலை செய்கிறது?

அர்தேஷிர் என்ன செய்தார் என்று புரிய வேண்டுமானால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பழைய காலப் பூட்டுகளில் உள்ளே சில தடுப்புகள் இருக்கும். அந்தத் தடுப்புகளில் இடிக்காமல் நுழைந்து சுற்றும்படி சாவியில் வெட்டு போட்டிருப்பார்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு. சாவியை நன்றாகத் தேய்த்து மெலிதாக்கிவிட்டால் எந்தத் தடுப்பிலும் இடிக்காது. அதுதான் கள்ளச்சாவி. ஒரே கள்ளச்சாவி ஒரு தெருவையே திறந்துவிடும்.

இதற்கு மாற்றாக வந்தது லீவர் பூட்டு. உள்ளே பல தகடுகள் அடுக்கி இருக்கும். சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்கு உரிய உயரத்துக்குத் தூக்கும். ஒரு தகடு கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ தாழ் நகராது. தகடுகளின் எண்ணிக்கை கூடினால் திருடனுக்குக் கஷ்டமும் கூடும். ஆனால் தகடுகளை துல்லியமாக வெட்டினால்தான் இது சாத்தியம். கண் அளவில் அரம் வைத்துத் தேய்த்து ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்துவிட முடியாது. அதற்கு மெஷினும், மெஷினில் பழகிய தொழிலாளியும் வேண்டும்.

லண்டனில் மானம் போன பூட்டுகள்

இந்தத் துறையின் மிகப் பெரிய பாடம் அர்தேஷிர் பிறப்பதற்கு 17 வருடம் முன்பே லண்டனில் நடந்து முடிந்திருந்தது.

ஜோசப் பிராமா என்பவர் 1784-ல் காப்புரிமை பெற்ற பூட்டு, யாராலும் திறக்க முடியாதது என்று பெயர் வாங்கியிருந்தது. கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதியே வைத்திருந்தார்கள். இன்னொரு பிரபல பெயர் சப். 1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்த திருட்டுக்குப் பிறகு, 1818-ல் ஜெரமையா சப் ஒரு பூட்டை உருவாக்கினார். யாராவது தவறான சாவி போட்டால் அந்தப் பூட்டு சிக்கிக்கொண்டு, உரிமையாளருக்கு விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1851-ல் லண்டனில் நடந்த உலகப் பெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். பிராமா பூட்டுக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதையும் திறந்தார். இங்கிலாந்தே ஆடிப்போனது. பூட்டின் பலவீனத்தை இப்படி வெளியே சொல்வது திருடனுக்குப் பாடம் நடத்துவது ஆகாதா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. ஆனால் திருடனுக்கு அது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது வாங்குபவர்தான் என்பது எதிர்த்தரப்பு வாதம். பூட்டு செய்பவர்கள் வேறு வழியில்லாமல் தங்கள் பூட்டுகளை மேம்படுத்தினார்கள்.

இப்படிப்பட்ட ஒரு துறைக்குள்தான், எந்த முன் அனுபவமும் இல்லாமல் அர்தேஷிர் காலடி எடுத்து வைத்தார்.

லால்பாகில் ஒரு சின்ன ஷெட்

1897 மே 7. பம்பாய் லால்பாக் பகுதியில், கேஸ் கம்பெனிக்குப் பக்கத்தில், சுமார் 215 சதுர அடி ஷெட் ஒன்றில் வேலை ஆரம்பமானது. இன்றைய கணக்குக்கு ஒரு பெரிய படுக்கையறை அளவுதான். குஜராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் 12 தொழிலாளர்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் வரவழைக்கப்பட்டன.

முதலில் சந்தைக்கு வந்தது ஆங்கர், அதாவது நங்கூரம் பிராண்ட் பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் தனிச் சாவி. சாவி இல்லாமல் திறக்க முடியாது என்ற உத்தரவாதத்தோடு விற்பனைக்கு வந்தது.

இந்த உத்தரவாதம்தான் முக்கியம். சான்சிபாரில் மற்றவர் வார்த்தைக்கு கேரண்டி கொடுக்க மறுத்தவர், இப்போது தன் கைவேலைக்கு எழுத்துப்பூர்வமாக கேரண்டி கொடுக்கிறார். கோர்ட்டில் உண்மை எது என்று அவரால் சோதித்துப் பார்க்க முடியவில்லை. பூட்டை சோதித்துப் பார்க்கலாம். கள்ளச்சாவி போட்டுத் திருகிப் பார்க்கலாம், கம்பி விட்டுக் கிளறலாம். திறந்துகொண்டால் கேரண்டி பொய். திறக்கவில்லையென்றால் மெய்.

ஸ்பிரிங் இல்லாத பூட்டு எதற்கு?

லீவர் பூட்டில் ஒவ்வொரு தகட்டையும் பழைய இடத்துக்குத் தள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அது துருப்பிடிக்கும், தளரும், உடைந்தும் போகும். ஸ்பிரிங் போனால் பூட்டே மக்கர் செய்யும். கடல் காற்றும் நான்கு மாத மழையும் உள்ள பம்பாய் மாதிரி ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. சரியான சாவி கையில் இருந்தும் தன் வீட்டுக்குள் போக முடியாமல் ஒருவர் வாசலில் நிற்க வேண்டி வரும். அர்தேஷிர் ஸ்பிரிங்கே இல்லாமல் வேலை செய்யும் பூட்டை உருவாக்கி அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அவர் கொண்டுவந்த இன்னொன்று கோர்டியன் பூட்டு. இதற்கு இரண்டு சாவி. இரண்டாலும் திறக்கலாம், பூட்டலாம். ஆனால் இரண்டாவது சாவியால் பூட்டின் உள் அமைப்பையே மாற்றிவிட முடியும். மாற்றிய பிறகு முதல் சாவி செல்லாது. கடை முதலாளி ஒருவர் தன் கணக்குப்பிள்ளையிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டால் பூட்டைக் கழற்றி மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது சாவியை ஒரு திருப்பு திருப்பினால் போதும். இன்று ஊழியர் வெளியேறியதும் பாஸ்வேர்டை மாற்றுகிறோமே, அதே வேலைதான் இது.

மூன்றாவது டிடெக்டர் பூட்டு. தவறான சாவி போட்டால் உள்ளே ஒரு தாழ் விழுந்து பூட்டு இறுகிவிடும். சொந்தக்காரர் சரியான சாவியைப் போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இது சப் குடும்பத்தின் பழைய யோசனையைப் பின்பற்றியதுதான். இன்று போனில் வரும் தவறான லாக்-இன் முயற்சி என்ற எச்சரிக்கைக்கு இதைத் தாத்தா என்றே சொல்லலாம்.

பூட்டிலிருந்து பெட்டகம்

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மாட்டியிருக்கும் பெட்டி உளுத்துப்போயிருந்தால் என்ன பயன்? 1901 வாக்கில் அர்தேஷிர் இரும்புப் பெட்டகம் செய்வதில் இறங்கினார். 1902-ல் பெட்டகம் விற்பனைக்கு வந்தது.

பெட்டகத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று திருடன், இன்னொன்று தீ. திருடன் தேடுவது இணைப்புகளை. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில்தான் உளியை வைத்து நெம்புவான். அதனால் துண்டு துண்டாக ஒட்டாமல், தகட்டையே வளைத்து இணைப்புகளைக் குறைப்பது ஒரு வழி.

தீ விஷயம் வேறு மாதிரி. வெறும் இரும்புப் பெட்டியை நெருப்பில் போட்டால் அது அடுப்பாகிவிடும். பெட்டி உருகாமல் நின்றாலும் உள்ளே இருக்கும் பத்திரமும் நோட்டும் கருகிவிடும். எனவே இரண்டு சுவர்களுக்கு நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பொருளை நிரப்புவார்கள். சூடு ஏறும்போது ஈரத்தை நீராவியாக விடும் பொருட்களை இதற்குப் பயன்படுத்துவது உண்டு. அந்த நீராவி வெளியேறும் வரை உள்ளே சூடு கட்டுக்குள் இருக்கும்.

பெட்டகம் தீயைத் தாங்குமா என்று கடையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. தீ வந்தால்தான் தெரியும். 1925-ல் கல்கத்தா தரம்தலா தெருவில் நடந்த பெரிய தீ விபத்தில் கோத்ரெஜ் பெட்டகங்களுக்குள் இருந்தவை தப்பின என்று அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. ஆனால் இதைவிடப் பெரிய சோதனை பிறகுதான் வந்தது.

கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ்: யார் இந்த பாய்ஸ்?

கம்பெனியின் முழுப் பெயர் கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ். பாய்ஸ் என்றதும் ஏதோ வெள்ளைக்காரப் பங்குதாரர் என்று தோன்றும். உண்மையில் அவர் இரண்டு தடவை கடன் கொடுத்த மெர்வான்ஜி காமாவின் உறவினர். பங்குதாரராகச் சேர்ந்தவர் சீக்கிரமே விலகிவிட்டார். பெயரை மட்டும் எடுக்கவே இல்லை. நூறு வருடம் தாண்டியும் அது அப்படியே இருக்கிறது.

தொழிலைக் கட்டி நிறுத்தியதில் இன்னொருவர் பங்கு பெரியது. 1906-ல் சேர்ந்த தம்பி பிரோஜ்ஷா. அண்ணனை விட 14 வயது சிறியவர். அண்ணனுக்கு புதிதாக எதையாவது செய்து பார்ப்பதில்தான் நாட்டம். அதைத் தொழிற்சாலையாக, விற்பனையாக, சம்பளமாக மாற்றும் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டார்.

அர்தேஷிர் ஐரோப்பாவுக்குப் போய் அங்கே பூட்டும் பெட்டகமும் எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு வந்தார். 1923-ல் கம்பெனி இரும்பு மேஜை, அலமாரி போன்றவற்றிலும் இறங்கியது. நம்ம வீட்டு பீரோவின் பூர்வீகம் அதுதான்.

சுதேசி பேசியவர், ஆனால் ஒரு நிபந்தனை

அர்தேஷிர் தீவிர தேசியவாதி. திலகர் நினைவாகத் திரட்டப்பட்ட நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

ஆனால் சுதேசி விஷயத்தில் அவருக்கு ஒரு முரண்பாடு இருந்தது. நம் நாட்டுப் பொருள் என்பதற்காக மட்டமான சரக்கை மக்கள் பொறுத்துக்கொண்டு வாங்க வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. வெளிநாட்டுப் பொருளுக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ செய்துவிட்டு அதன் பிறகு வாங்கச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. பூட்டில் இந்த வாதத்துக்கு இன்னும் கனம் அதிகம். தேசப்பற்றுக்காக சுமாரான சட்டை போட்டுக்கொள்ளலாம், சுமாரான பூட்டைப் போட்டுவிட்டு ஊருக்குப் போக முடியுமா?

1918-ல் சோப்புத் தயாரிப்பிலும் இறங்கினார். அன்று சோப்புகளில் விலங்குக் கொழுப்பு கலப்பது வழக்கம். அது இங்கே பலருக்கு மனதளவில் ஒவ்வாதது. அர்தேஷிர் தாவர எண்ணெயில் செய்தார். முதல் சோப்புக்கு வைத்த பெயர் சாவி. குஜராத்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும் புரியும் சொல். மூன்று மொழிக்கும் அது போர்ச்சுகீசியம் கொடுத்த கடன். பின்னர் வந்த நம்பர் 2, நம்பர் 1 சோப்புகள் நாடு முழுக்கப் பிரபலமாகின. ரவீந்திரநாத் தாகூர் கூட கோத்ரெஜ் சோப் விளம்பரத்தில் வந்தார்.

கடைசி நாட்களும், கடைசி சோதனையும்

1928-ல் அர்தேஷிர் கம்பெனியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நாசிக் போய் விவசாயத்தில் இறங்கினார். உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு அறுபது வயதில் மறுபடி ஒரு புது முயற்சி. 1936-ல் காலமானார். வாரிசு இல்லாததால், இன்று கோத்ரெஜ் குடும்பம் என்று அறியப்படுபவர்கள் பிரோஜ்ஷாவின் வழியில் வந்தவர்கள்.

அவர் இறந்து எட்டு வருடம் கழித்து, 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே பஞ்சு மூட்டைகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு பெரிய வெடிப்புகள். பல நூறு பேர் இறந்தார்கள். துறைமுகத்தைச் சுற்றி இருந்த கிடங்குகளும் ஆபீஸ்களும் நாள் கணக்கில் எரிந்தன.

தீ அடங்கிய பிறகு சாம்பலுக்குள்ளிருந்து கோத்ரெஜ் பெட்டகங்கள் எடுக்கப்பட்டன. திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை பத்திரமாக இருந்தன என்பது நிறுவன வரலாற்றில் இன்றும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. கேரண்டி கொடுத்தவர் உயிரோடு இல்லை. கேரண்டி செல்லுபடியானது.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தபோது, பிரோஜ்ஷா தலைமையில் விக்ரோலி தொழிற்சாலையில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுப்பெட்டிகள் செய்யப்பட்டன. ஒரு பெட்டியின் விலை சுமார் 5 ரூபாய். அந்த விலைக்குள் வெளியே தனிப் பூட்டு போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் பெட்டிக்குள்ளேயே பூட்டும் அமைப்பை வைத்தார்கள். வீட்டு நகையைக் காத்த தொழில்நுட்பம் ஒரு நாட்டின் ஓட்டுகளைக் காக்கும் வேலைக்கு வந்தது.

இன்றைய பூட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இன்று கதவுகளில் கைரேகைப் பூட்டு, செல்போனில் திறக்கும் ஸ்மார்ட் பூட்டு, வாசலில் சிசிடிவி என்று பாதுகாப்புத் துறையே மாறிவிட்டது. காவலாளி வேலைக்குக்கூட பயிற்சி வேண்டும் என்பதை 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டாயமாக்கியது.

ஆனால் வாங்குபவரின் நிலைமை 1897-ல் இருந்த மாதிரிதான். பூட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும், கம்பெனி போட்ட ஆரம்ப பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும், கம்பெனி ஆப்பை நிறுத்திவிட்டால் கதவு திறக்குமா என்பதெல்லாம் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதில்லை. சொல்கிற வார்த்தையை நம்பித்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த வார்த்தைக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பேங்க் லாக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டிடம் இடிவது, ஊழியர் மோசடி போன்ற காரணங்களால் லாக்கரில் இருந்தது போனால், வங்கியின் பொறுப்பு அந்த லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. வருடத்துக்கு 3,000 ரூபாய் வாடகை கட்டினால் 3 லட்சம். உள்ளே 10 லட்சத்துக்கு நகை இருந்தாலும் கணக்கு அதேதான்.

எனவே பூட்டோ, லாக்கரோ, கேமராவோ வாங்கும்போது விலைக்கு அடுத்து கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதை யார் சோதித்தார்கள்? எது வரைக்கும் தாங்கும்? தாங்காமல் போனால் யார் பொறுப்பு? லால்பாகில் அந்தச் சின்ன ஷெட்டில் பூட்டு செய்ய ஆரம்பித்த மனிதர், வாங்க வருபவர் கேட்பதற்கு முன்பே இதற்குப் பதில் எழுதிக் கொடுத்திருந்தார்.